பதினொரு பவுண் மேடை

...மாதிரி செய்ய இருபதால் வகுத்தது நீளத்துக்குச் சரி, நிறைக்கு எப்படிச் சரியாகும், நீளம், அகலம், உயரம் மூன்றையுமல்லவா சுருக்கினோம், அப்படியானால் இருபதை மூன்று தடவை வைத்துப் பெருக்கவேண்டும், எண்ணாயிரம், இதை யோசியாமல் ஏழு இறாத்தல் கல்லை ஓர் ஆளென்று ஏற்றியதனால்தான் மாதிரி மேடை நெல் அவிக்கும் கிடாரத்துத் தண்ணீரின் அடியிற் போய் அமர்ந்துவிட்டது என்று தெளிந்தபோது, படவரைஞர் சிற்றம்பலத்துக்கு மகிழ்ச்சியை முந்திக்கொண்டு கவலை வந்தது. நூற்று நாற்பது இறாத்தல் ஆளை எண்ணாயிரத்தால் வகுத்தால் ஒரு தங்கப் பவுணின் நிறை. கொக்கிளாய்க் கடலில் மிதக்கவிருக்கும் மேடையில் நின்று நீரோட்டம் அளக்கப்போகிறவர்கள் பதினொரு பேர்... வீட்டிலுள்ள கொத்தும் சுண்டும் நெல்லை அளக்குமே தவிர நிறுக்கமாட்டா. பதினொரு பவுண் என்று நிச்சயமாகத் தெரிந்த பொருள் இங்கே ஒன்றுதான், அது மனைவி பத்மாசனியின் கழுத்திற் கிடக்கும் தாலிக்கொடி. கேட்பதா? புருஷன் உயிரோடிருக்கக் கழற்றும் பொருளா அது? ஆனால் பின்னேரம் எஞ்சினியர் வந்து தாங்குமா என்று கேட்பார், ஓமென்றால் அப்படியே கட்டிவிடுவார்கள், அந்தப் பதினொருவரில் ஒருவர் சிற்றம்பலம், அவருக்கோ நீந்தத் தெரியாது, ஆகவே கழற்றாவிட்டாலும் தாலிக்கு ஆபத்துத்தானே... இந்த நியாயத்தைப் பணிவாக எடுத்துரைக்கலாமென்று தொண்டையைச் செருமினார்.

"இஞ்சேரும், உம்மட கொடியை ஒருக்கால்..."

"காசுக்கு அடைவு வைக்கவோ?"

"இல்லை, தண்ணியில வைக்க."

பத்மாசனி கிடாரத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "அடைவு வைக்கிற மனுசரைக் கண்டிருக்கிறன், தண்ணியில வைக்கிறவரை இண்டைக்குத்தான் காணுறன். கழட்டமாட்டன். வேணுமெண்டால் குனியிறன். கெதியா அலையை அடியுங்கோ, நெல் அவிக்கவேணும்."

குனிந்தாள். கழுத்திலிருந்து இறங்கிய கொடி மேடையில் சுருண்டது, நடுவிலே தாலி மேலதிகாரியைப் போல் வீற்றிருந்தது. சிற்றம்பலம் அகப்பையால் அலையடித்தார், மெதுவாக, பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சற்றுப் பலமாக, மேடை சரிந்தது, நிமிர்ந்தது, நின்றது.

"நிக்குது," என்றார்.

"என்ர நாரிதான் நிக்குதில்லை," என்று அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, கொடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி குசினிக்குள் போனாள்.

இனி ஓமென்று சொல்லலாம், தலை நிமிர்ந்தே சொல்லலாம்... படலையில் எஞ்சினியரின் ஜீப் வந்து நின்றது. பெனியனோடு நிற்கிறோமே, மேலே போடச் சேட்டு எங்கே... அது சரி, குனிந்தபோது கொடியிற் பாதி அவளுடைய கழுத்திலேயே தொங்கியதே? அப்படியானால் மேடை தாங்கியது எத்தனை பேரை, ஐந்தா, ஆறா? மிச்சப் பேரை யார் தாங்கினார்கள்? மறுபடியும் குனியச் சொல்ல முடியுமா, அந்த நாரியை... "எப்பிடி, சிற்றம்பலம், தாங்குமோ?" என்று எஞ்சினியர் இறங்கும்போதே கேட்கிறார், ஓமென்ற சொல் நாக்கின் நுனியில் ஆடுகிறது, சரிகிறது... அந்தப் பதினொருவரில் நான் நின்றது எங்கே, மேடையிலா, அவளுடைய கழுத்திலா...