விட்டுப்போன பெயர்

"அம்மா, இதுல ஒம் பேரு எங்க?"

பவதாரிணி கையில் அவளுடைய கல்யாணப் பத்திரிகையின் மாதிரித்தாள் இருந்தது. அதை அடித்துக்கொண்டு வந்ததே அவள் அம்மா முத்துமீனாதான். சமயநல்லூரில் பத்திரிகை அடிக்கிற கடை ஒன்றில் பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள்.

முத்துமீனா தாளை வாங்கிப் பார்த்தாள். மேலே 'தெய்வத்திரு சிவக்குமார் அவர்களின் மகள்' என்று இருந்தது. கீழே அழைப்பவர்கள் இடத்தில் முத்துமீனாவின் அண்ணன் ராஜபாண்டியும் அவர் மனைவி சுபலட்சுமியும் இருந்தார்கள். செத்துப்போன அப்பாவுக்கு இடம் கிடைத்திருந்தது. பெற்று வளர்த்த அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

யாரும் அந்தப் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. கொடுமையே அதுதான். பெண்ணுக்கு அப்பா இல்லை என்று சொல்லிக்கொண்டு கடைக்கு வருகிறவர்களிடம், அம்மா பேர் என்ன என்று அவள் கேட்பதே கிடையாது. தாலியறுத்தவள் பெயர் மங்கலப் பத்திரிகையில் வரக்கூடாது என்பது ஊர் வழக்கம். வருகிறவர்களுக்கும் சொல்கிற சங்கடம் மிச்சம். அப்படி எத்தனை அம்மாக்களை விட்டாளோ, அவளுக்கே தெரியாது. நேற்று கை அதே பழக்கத்தில் ஓடி, அவளையும் விட்டுவிட்டது.

"விட்டுப்போச்சுடி" என்றாள்.

"விட்டது விட்டதாவே இருக்கட்டும்த்தா" என்றார் ராஜபாண்டி. நல்ல மனுஷர்தான். சிவக்குமார் போன நாளிலிருந்து தங்கச்சிக்கு ஒத்தாசையாக இருப்பவர். "எப்படிச் சொல்றதுன்னு நானே முழிச்சுக்கிட்டிருந்தேன். நீயே பாத்து நடந்துக்கிட்ட."

சுபலட்சுமிக்குக் கேட்கவேண்டியது நிறைய இருந்தது. "மாப்ளைக்கு மோதிர அளவு எம்புட்டு மீனா?"

"இருபது, மதினி."

"ரிசப்ஷன் கோட்டு?"

"மெரூன். இவ பாவாடைக்குத் தோதா."

அளவெல்லாம் மாப்பிள்ளையிடம் கேட்டு வாங்கி வந்தவளும் முத்துமீனாதான்.

"மோதிரத் தட்ட நான் எடுத்துக் குடுத்துர்றேன். ஒனக்கு வெளிர் கலர்ல ஒரு சேலை பாப்போம். பின்னால நிக்கிறதுக்கு அது போதும்ல?"

"போதும், மதினி."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ஒரே இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி இருந்தது மனசு.

"அப்ப இந்தப் பத்திரிகைய நான் ஒருத்தருக்கும் நீட்ட மாட்டேன் மாமா" என்றாள் பவதாரிணி.

"புரியாமப் பேசாத. மாப்ள வீட்ல என்ன நெனப்பாக?"

"அவுக என்ன நெனப்பாகன்னு அவுககிட்டயே கேட்டீகளா?"

ராஜபாண்டி தண்ணீர் கேட்டார். முத்துமீனா கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

கடையில் கம்ப்யூட்டரில் அந்தப் பத்திரிகையைத் திறந்து, அண்ணன் பெயருக்கு மேலே ஒரு வரி இடம் விட்டாள். மற்றவர்களின் பெயர்களைப் பார்க்காமலே அடிக்கிற விரல்கள் இங்கே தயங்கின. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். முத்துமீனா. பதினோரு வருஷத்தில் அந்தப் பெயரை அவள் அடித்தது அதுதான் முதல் தடவை. பார்க்க யாருடைய பெயரோ போல இருந்தது. சரிபார்த்துவிட்டு அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது.

"என்னத்தா இது? பேரப் போட்டு வச்சிருக்க?"

"ஆமாண்ணே."

"மாப்ள வீட்ல கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

முத்துமீனா குரலை உயர்த்தவில்லை.

"நான் இன்னும் உசுரோடதேன் இருக்கேன்னு சொல்லுங்கண்ணே."

போனை வைத்துவிட்டு அவள் ஐந்நூறு பிரதி அச்சுக்குக் கொடுத்தாள்.