இருபத்து நாலாவது எலி

இருபத்து மூன்று எலிகள் பஹ்மியாவின் தலையில் மிளகாய் அரைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டன. மிச்சம் ஒன்று. வளாகத்து ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அனுமதித்தது இருபத்து நாலுதான்; அதற்கு மேல் ஒரு வால்கூடக் கிடைக்காது. மாத முடிவோடு ஆய்வுக்காலமும் முடிகிறது.

விஷயம் என்னவோ லேசானதுதான். மூளையில் காபா என்றொரு பொருள் பிரேக் மாதிரி. டோபமினை அளவுக்கு மேல் சுரக்க விடாது. அந்தப் பிரேக்கை மருந்தால் தளர்த்தினால் டோபமின் ஏற வேண்டும். ஏறினால் பட்டம். ஆனால் இந்தச் சனியன்களுக்கு மருந்து கொடுக்க முன்னரே டோபமின் உச்சியில் நின்றது. பிறகு ஏற இடமேது? டோபமினை அளக்கும் குழாயை மாற்றினாள், மருந்தை மாற்றினாள். சீ, என்ன பிழைப்பு! ஒன்றும் சரிவரவில்லை.

அன்று கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். எலிகளின் கூட்டறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். எலிகளைப் பராமரிக்கும் பெரியவர் ஜவாஹிர் காக்கா, கடைசி எலியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அது?"

"சீனித் தண்ணி, புள்ள."

"எல்லாத்துக்கும் குடுத்தனீங்களா?"

"ஓம். சாகப்போற சீவனுக்குத் தண்ணி காட்டாம எப்படி? குர்பான் மாட்டுக்கும் அறுக்க முன்ன காட்டுறம்தானே. கடைசி நாள் எண்டு கொஞ்சம் சீனியும் போட்டனான்."

இனிப்பு உள்ளே போனாலே டோபமின் ஏறும். அவள் படித்த முதல் பாடமே அதுதான்.

"மூணு மாசம், காக்கா! என்ட மூணு மாசத்தையும் சீனியில கரைச்சிட்டீங்களே! இது குடிச்சிட்டுதா?"

"இன்னும் இல்ல."

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யாரைத் திட்டுவது? அவர் கேட்கவில்லை, இனிப்பு ஆகாதென்று இவளும் ஒருநாளும் சொல்லவில்லை.

கடைசி எலிக்குச் சீனி இல்லை. டோபமின் அடியில் கிடந்தது. மருந்து போனதும் திரையில் கோடு விறுவிறுவென்று ஏறியது, அவள் நினைத்தபடியே, அச்சொட்டாக. ஒரேயொரு எலி! அதை வைத்துக்கொண்டு எந்தப் பரீட்சகரிடம் போய் நிற்பது? நாய்கூடச் சீந்தாது.

விதிப்படி எலியை இனி உயிரோடு விட ஏலாது. ஊசியில் கொல்லும் மருந்தை நிரப்பினாள். கதவடியில் ஜவாஹிர் காக்கா வெறுங்கையோடு நின்றார். உள்ளே வரவில்லை. எலியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

பஹ்மியா ஊசியைக் கீழே வைத்தாள்.

"போய்த் தண்ணி கொண்டு வாங்க காக்கா," என்றாள். "சீனியக் கொஞ்சம் கூடவே போடுங்க."