படுத்துப் பார்த்து வாங்கியது

இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும், சொன்னவனுக்கு ஆயுசுக்கும் கொட்டாவி மட்டும் வரட்டும், தூக்கம் வர வேண்டாம். இதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது.

அளவுக்காரர் மாஸ்க் வாங்கிய மருத்துவச் சாமான் கடைக்குள் மறுபடி நுழைந்தபோது காலை பத்து மணி. கையிலிருந்த பையில் தோற்றுப்போன மாஸ்க்குகள் இரண்டு கிடந்தன. முப்பத்துநாலு வருஷமாகச் செருப்புக் கடை நடத்துகிறவர் அவர். ஆள் வாசற்படி ஏறும்போதே "எட்டாம் நம்பர், இடது கால் கொஞ்சம் அகலம்" என்று பெட்டியை இறக்கிவிடுவார். ஒருமுறை போனில் ஒருவர் இருமியதைக் கேட்டே ஒன்பதாம் நம்பர் அனுப்பிவைத்தார், கச்சிதமாக இருந்தது. அதற்கப்புறம் அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் மிஞ்சியது.

அப்பேர்ப்பட்டவருக்குத் தன் மூஞ்சிக்கு ஒரு அளவு கிடைக்கவில்லை. டாக்டர் அவர் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்துவிட்டு, தூக்கத்தில் மணிக்கு முப்பத்தெட்டு தடவை மூச்சு நிற்கிறது என்றார். காற்றை ஊதிக்கொண்டே இருக்கும் ஒரு மிஷின், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் ஒரு மாஸ்க். இதைப் போட்டுக்கொண்டுதான் இனிமேல் தூங்க வேண்டும், இல்லாவிட்டால் இதயம் ஒருநாள் கடையை மூடிவிடும் என்றார்.

மனைவியின் வாக்குமூலம் டாக்டர் சொன்னதைவிடப் பெரிது. இவர் குறட்டையை உள்ளே இழுத்தால் ஜன்னல் திரை அறைக்குள் வருமாம். விட்டால் தெருவுக்குப் போகுமாம். லாரி ரிவர்ஸில் வருகிறது என்று நினைத்து ஒரு கார்க்காரர் வாசலில் ஒதுங்கி நின்றாராம். ஆனால் அவள் பயந்தது சத்தத்துக்கு அல்ல, மூச்சு நிற்பதற்கு. நின்றதும் எண்ணத் தொடங்குவாள். நாற்பது வரை எண்ணியதும் உண்டு. எண்ணி எண்ணித் தூக்கம் கெட்டு, தையல் மிஷின் முன்னால் கண்ணயர்ந்து, ஒரு சட்டைக்கு மூன்று கை வைத்துவிட்டாள். வாங்கிப்போன ஆள் மறுவாரம் வந்து அதே மாதிரி இன்னொன்று கேட்டது தனிக்கதை.

"விடியற வரைக்கும் மூஞ்சில நிக்கிற மாதிரி ஒண்ணு கொண்டாங்க. இல்லேன்னா நான் எண்ணி எண்ணியே போயிடுவேன்" என்றாள் அன்று காலை.

"போயிடுவேன்னா எங்க?"

"எங்கயோ. அங்கயாவது தூங்க விடுவாங்கல்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண்ணைச் சுற்றியிருந்த கருப்பு மட்டும் சிரிக்கவில்லை.

முதல் மாஸ்க்கில் அவர் செய்தது தொழில்காரனின் தவறு. தோல் செருப்பு போடப்போட இளகும், அதனால் ஒரு பிடி இறுக்கமாகவே கொடுக்க வேண்டும் என்பது அவர் சாஸ்திரம். அதே கணக்கில் ஒரு அளவு சின்னதாக வாங்கி, வாரை ஷூ லேஸ் மாதிரி இழுத்துக் கட்டினார். ரப்பர் இளகவில்லை, மூக்குதான் இளகியது. இறுக்க இறுக்க ஓரத்தில் காற்று பிய்த்துக்கொண்டு விசிலடித்தது. அரைமணி நேரத்தில் பிடுங்கி எறிந்தார். இரண்டாவது, மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்கார்வது. மூக்கு வழியே போன காற்று திறந்த வாய் வழியே வெளியேறி, அவரைத் தூங்க முயலும் பலூனாக்கிவிட்டது.

கடைப்பெண் இரண்டையும் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். பொறுமையான பெண். சிரித்த முகத்தோடு சொன்னாள்: "முதல்ல அப்படித்தான் சார் இருக்கும். போடப்போடச் சரியாயிடும்."

அளவுக்காரர் அவளையே பார்த்தார். கோபம் தொண்டை வரை வந்து, அங்கே சிரிப்பாகத் திரும்பிக்கொண்டது.

"இது என்னோட பொய்யிம்மா. முப்பத்துநாலு வருஷமா நான் சொல்லிட்டிருக்கேன். என்கிட்டயே விக்கிறியா?"

"பொய் இல்ல சார்..."

"சரி, நிஜமா சொல்லு. அளவு எப்படி எடுத்த?"

"நீங்க இந்த நாற்காலியில உக்காந்தீங்க. மூக்குல ஸ்கேல் வெச்சேன்."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். உட்கார்ந்த காலுக்கு அளவெடுத்தால் செருப்பு கடிக்கும். எழுந்து நின்று உடம்புப் பாரம் இறங்கினால்தான் கால் தன் நிஜ அளவைக் காட்டும். இதைக் கடைக்கு வந்த குழந்தைகளுக்கெல்லாம் சொன்னவர், தன் மூஞ்சிக்கு மறந்துவிட்டார். உட்கார்ந்திருக்கும்போது கன்னம் தாடைக்கு இறங்குகிறது, படுத்தால் காதுப்பக்கம் ஒதுங்குகிறது. மாஸ்க் போடப்போவது எந்த மூஞ்சி?

"நான் படுக்கணும்" என்றார்.

"இங்க கட்டில் இல்லியே சார்."

"தரை இருக்கில்ல?"

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சக்கர நாற்காலிகளுக்கும் எடை பார்க்கும் மிஷினுக்கும் நடுவில் மல்லாந்து படுத்தார். அவள் தயங்கிவிட்டு ஒரு தலையணை கொண்டுவந்து வைத்து, மிஷினைப் போட்டாள். அதற்குப் பிறகு ஆட்சி அவருடையது. வாயை மூடாத வகைகளை ஒதுக்கச் சொன்னார். மிச்சத்தைக் காற்று ஓடும்போதே ஒவ்வொன்றாக மாட்டி, இடம் புரண்டார், வலம் புரண்டார். வாரை இறுக்கவில்லை, ஒரு விரல் நுழையும்படி தளர்த்தினார். ஏழாவது மாஸ்க் மூக்கின் மேல் ஏறாமல் கீழிருந்து தாங்கி, வாயைச் சேர்த்து மூடியது. விசில் இல்லை. கட்டைவிரலை உயர்த்தினார். அந்த விரல் மெதுவாகச் சாய்ந்தது.

தூங்கிவிட்டார்.

மூன்று மணி நேரம். வந்தவர்கள் தாண்டிப் போனார்கள். ஒருவர் இதுதான் இங்கே வரிசை போலும் என்று அவர் பக்கத்தில் துண்டு விரித்துப் படுத்தார். முதலாளி வந்து, பொம்மையை நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று பாராட்டி, அதன் காலில் விலைச்சீட்டைக் கட்டச் சொன்னார். கடைப்பெண்தான் பயந்துபோய் வீட்டுக்குப் போன் செய்தாள்.

மனைவி நூல் ஒட்டிய புடவையோடு ஓடிவந்தாள். குனிந்து உட்கார்ந்து, உள்ளங்கையை அவர் நெஞ்சின் மேல் விரித்துவைத்தாள். நெஞ்சு எழுந்தது, இறங்கியது, எழுந்தது. அவள் உதடுகள் பழக்கத்தில் "ஒண்ணு" என்று தொடங்கி, இரண்டு வரை போக வேலையில்லாமல் நின்றன.

"எழுப்பட்டுமாம்மா?" என்றாள் கடைப்பெண்.

"தொட்டே, கொன்னுடுவேன்" என்றாள் மனைவி. கையை எடுக்காமலே சக்கர நாற்காலியில் தலையைச் சாய்த்தாள். அடுத்த நிமிஷம் அவளும் தூங்கிப்போனாள்.

ஒன்றே ஒன்று பாக்கி. அவளுக்கு இரண்டு காதும் கேட்காது. பதினோரு வருஷமாக, இரவு ஒன்பது அடித்தால் காது மிஷின்கள் இரண்டையும் கழற்றி, ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான் படுப்பாள். இத்தனை ராத்திரியும் அவள் எண்ணியது காதால் அல்ல, அவர் நெஞ்சின் மேல் வைத்த அந்த உள்ளங்கையால்.