லேபிள் இல்லாத ட்ரம்

எங்கள் கட்டடத்துக்குள் போவது சுலபம். கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டி, மஞ்சள் உடுப்பை மாட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். வெளியே வருவதுதான் பெரும்பாடு. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு மிஷின் நிற்கிறது. உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அதற்குள் ஏறி, இரண்டு கைகளையும் அதன் பொந்துகளில் நுழைத்து, ஆடாமல் நிற்க வேண்டும். உடம்பில் கதிரியக்கத் தூசி ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலும் கத்திவிடும். கத்தாவிட்டால் பச்சை விளக்கு, வீட்டுக்குப் போகலாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பெண்டாட்டிகூட என்னை இவ்வளவு சந்தேகப்பட்டதில்லை.

அணுமின் நிலையத்தில் வேலை என்றால் ஏதோ பெரிய பட்டனைத் தட்டுகிற வேலை என்று வெளியே நினைக்கிறார்கள். கிழித்தோம். நாங்கள் குப்பைக்காரர்கள். அந்தப் பக்கம் கரண்ட் எடுத்த பிறகு மிச்சமாகும் கசடு, வடிகட்டி, துடைத்த துணி, கையுறை எல்லாம் இந்தப் பக்கம் எங்களிடம் வரும். அதைச் சிமெண்ட்டோடு குழைத்து இரும்பு ட்ரம்மில் அடைப்போம். மூடியை வைத்து, சுற்றிலும் வளையம் போட்டு, போல்ட்டை முறுக்குவது என் வேலை. உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு வீரியம், என்றைக்கு அடைத்தது என்று லேபிள் எழுதி ஒட்டுவது அத்தான் வேலை. சும்மா மரியாதைக்குச் சொல்கிற அத்தான் இல்லை, என் கூடப்பிறந்த அக்காவைக் கட்டியவர். இந்த வேலையில் என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அதனால் என்னைத் திட்டும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று அவருக்கு ஒரு நினைப்பு.

லேபிள் விஷயத்தில் அந்த மனுஷன் ஒரு பைத்தியம். ஒருமுறை லேபிள் உதிர்ந்துபோன ட்ரம் ஒன்று ஓரத்தில் நின்றது. "போன வாரம் அடைச்சதாத்தான் இருக்கும், ஏத்துங்கப்பா" என்று மேனேஜரே வந்து சொன்னார். அத்தான் அசையவில்லை.

"உள்ள என்ன இருக்குன்னு எழுதாத ட்ரம்மை நான் தொடமாட்டேன் சார். நீங்களும் நானும் மண்ணாப் போன பிறகும் இது இங்கதான் இருக்கும். அன்னைக்கு இதைத் தோண்டி எடுக்கிறவன் யாரைப் போய்க் கேப்பான்?"

"என்ன இருக்குன்னு தெரியலையே, நான் என்ன பண்ண?"

"தெரியலைன்னா 'தெரியலை'ன்னு எழுதி ஒட்டணும் சார். வெறுமனே விடக்கூடாது."

அதற்கென்றே சிவப்பு லேபிள் கட்டு ஒன்றைத் தனியாக வைத்திருந்தார். அதில் எழுதி ஒட்டி, மற்றவற்றிலிருந்து தள்ளி நிறுத்தி, பரிசோதனைக்கு ஆள் வரவழைத்த பிறகுதான் அன்றைக்குச் சாப்பிடவே போனார். மேனேஜர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

கொஞ்ச மாதமாக அத்தானுக்கு இடுப்பு வலி. குனிந்து லேபிள் ஒட்டிவிட்டு நிமிரும்போது ட்ரம்மைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வார். வரும்போதே தைலம் மணக்கும். "அத்தான், வயசாயிடுச்சு, பேசாம சேர்ல உக்காந்து கையெழுத்து போடுங்க" என்பேன். "உங்க அக்கா கையால தேச்சா சரியாப் போயிடும்டா" என்பார். கிரேன்காரர் ஒருவர் உண்டு எங்களோடு. ஊர்வம்பு பேசாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது. "தைலத்துக்காகவே வலியை வச்சிருக்காரு" என்பார். எல்லோரும் சிரிப்போம்.

அன்றைக்குக் காலையில் ஒரு மூடி எனக்குச் சரியாக உட்காரவில்லை. கோணலாக நின்றது. சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி உட்காரவைத்து, வளையத்தைப் போட்டு முறுக்கினேன். வழக்கமாகச் செய்வதுதான். நான் தட்டும்போது அத்தான் பக்கத்தில் குனிந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வாசலில் வரிசையாக நின்றோம். கிரேன்காரர், பச்சை. நான், பச்சை. பின்னால் அத்தான் ஏறினார். மிஷின் கத்தியது.

ஒரு தடவை கத்தினால் யாரும் பதற மாட்டோம். இறங்கி ஏறச் சொன்னோம். கத்தியது. மறுபடி ஏறினார், மறுபடி கத்தியது. "மிஷினுக்கு உங்க தைலம் ஒத்துக்கலை போல" என்ற கிரேன்காரர், யாரும் சிரிக்காததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

கத்தியவரை யாரும் தொடக்கூடாது. அதுதான் எங்கள் சட்டம். ஒட்டியிருப்பது நம் மேலும் பரவிவிடும். தரையில் மஞ்சள் டேப்பால் ஒரு கட்டம் கட்டி, நடுவில் நாற்காலி போட்டு, அத்தானை உட்கார வைத்தார்கள். கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். சின்ன வயசுதான், நாங்கள் மேடம் என்போம். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று காட்ட எல்லோரும் வைத்திருக்கும் டோஸ் மீட்டரை அத்தான் சட்டைப்பையிலிருந்து வாங்கிப் பார்த்தவர் முகம் மாறியது. எங்கள் மீட்டர்களைவிட அது நிறையவே காட்டியது.

நான் மஞ்சள் டேப்பின் ஓரம்வரை போனேன்.

"மேடம், காலைல ஒரு மூடி கோணலா உக்காந்துச்சு. தட்டித்தான் வளையம் போட்டேன். அத்தான் பக்கத்துலயே இருந்தாரு."

மேடம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கட்டடத்தில் எல்லா வேலையையும் நிறுத்தச் சொன்னார். அந்த மூடியைத் துடைத்துப் பார்க்க முகமூடியோடு இரண்டு பேரை அனுப்பினார்.

"மாப்ள, உன் மூடியில ஒண்ணும் இருக்காது" என்றார் அத்தான் கட்டத்துக்குள்ளிருந்து.

"உங்களுக்கு என்ன தெரியும்? பேசாம இருங்க."

அவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

குளிப்பாட்டும் அறைக்கு நான்தான் கூட்டிப்போனேன். வேறு யாரையும் விடவில்லை. முகமூடி, இரட்டைக் கையுறை, முழு உடுப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, மெத்தென்ற பிரஷ்ஷால் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். தோலைத் தேய்க்கலாம், கிழிக்கக்கூடாது. கீறல் விழுந்தால் வெளியே இருப்பது உள்ளே போய்விடும். துடைத்துவிட்டு மிஷினில் நிறுத்தினோம். கத்தியது. மறுபடி குளிப்பாட்டினேன். முதுகு, கழுத்து மடிப்பு, காது மடல், நகக்கண் என்று ஒன்றையும் விடவில்லை. என் அக்கா பிள்ளைகளைக்கூட நான் இப்படிக் குளிப்பாட்டியதில்லை. இடுப்பருகில் பிரஷ் பட்டபோது அத்தான் துடித்தார்.

"வலிக்குதா?"

"இல்ல, தேய்."

முகமூடிக்குள் நான் அழுதுகொண்டிருந்தேன். கண்ணாடி மூடியிருந்ததால் துடைக்கவும் வழியில்லை. கழுவக் கழுவப் போகவில்லை என்றால் அது தோலில் இல்லை. மூச்சு வழியாகவோ வாய் வழியாகவோ உள்ளே போயிருக்கிறது. அதை எந்தச் சோப்பாலும் எடுக்க முடியாது. நான் தட்டிய தட்டில் அக்கா புருஷனுக்கு உலை வைத்துவிட்டேன் என்றே முடிவு செய்துவிட்டேன்.

இடுப்பில் துண்டோடு அத்தானைத் திரும்ப நாற்காலியில் உட்கார வைத்தோம். மேடம் கையில் பிடிக்கும் மிஷினால் உச்சியிலிருந்து மெதுவாக இறக்கிக்கொண்டே வந்தார். டிக் டிக் என்று எங்குமே சத்தம். முதுகெலும்பு வழியாகக் கீழே வந்து இடுப்புக்கு வலப்பக்கம் போனபோது அந்தச் சத்தம் அடர்த்தியாகி, பொரி பொரிவது போல ஆனது. மேடம் கையை எடுத்துவிட்டு மறுபடி அங்கே கொண்டுபோனார். மறுபடி பொரிந்தது.

மூடி பார்க்கப் போனவர்கள் வந்தார்கள். மூடி சுத்தம், வளையம் சுத்தம், தரை சுத்தம். எனக்கு இன்னும் பயம் கூடியது. அப்படியானால் எங்கிருந்து?

மேடம் என் பக்கம் திரும்பினார். "காலைல அடைச்ச எல்லா ட்ரம்மையும் திறந்து பாக்கணும். அதுவரைக்கும் நீங்க வேலைக்கு வர வேண்டாம். விசாரணை இருக்கும். அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், உள்ள என்ன போயிருக்குன்னு பாக்க."

நான் தலையாட்டினேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் இருந்தது.

"மேடம்" என்றார் அத்தான். "எந்த ட்ரம்மையும் திறக்காதீங்க. அவன் மேல தப்பில்லை. இது நம்ம சரக்கே இல்லை."

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"நேத்து மத்தியானம் ஆஸ்பத்திரியில ஒரு ஸ்கேன் எடுத்தேன். அதுக்கு ஊசி போட்டாங்க. கதிரியக்க மருந்து. நீங்க வேலை பாக்கிற இடத்துல மிஷின் கத்தும், சில நாள் லீவு எடுங்கன்னு அவங்களே சொன்னாங்க. லீவு போட்டா இவன் அக்கா ஏன்னு கேப்பா. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதி பாதியா குறையற மருந்துதானே, கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பு ஆகியிருக்கும்னு நானே ஒரு கணக்குப் போட்டுட்டேன்."

"கட்டெறும்புக்கே கத்துற மிஷின்ங்க எங்களோடது" என்றார் மேடம். வேறொரு கருவியைக் கொண்டுவரச் சொன்னார். எந்தப் பொருள் என்று பிரித்துச் சொல்லும் கருவி அது. வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஆமா. ஆஸ்பத்திரி மருந்துதான். நம்ம கட்டடத்துல இது கிடையவே கிடையாது."

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. கிரேன்காரர் சுவரில் சாய்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்போடு கோபமும் வந்தது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாத்தீங்களே அத்தான். இவ்வளவு நேரம் குளிப்பாட்டுறேன், ஒரு வார்த்தை சொன்னா என்ன? அப்படி என்ன ஸ்கேனு?"

"எலும்பு ஸ்கேன்."

"அது எதுக்கு மேடம்?"

மேடம் அப்போதும் ஏதோ நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் இருந்தார். "அந்த மருந்து ரத்தத்துல போய் எலும்புல படியும். எந்த இடத்துல எலும்பு சரியில்லையோ அந்த இடத்துல மத்த இடத்தைவிட நிறையச் சேரும். அதை வச்சு..."

நிறுத்திவிட்டார். அவர் கண் அத்தானின் வலப்பக்க இடுப்புக்குப் போய்த் திரும்பியது. அந்தப் பொரிகிற சத்தம் எங்கள் எல்லோர் காதிலும் இன்னும் இருந்தது. அத்தான் காதிலும்தான்.

"நான் டாக்டர் இல்லைங்க" என்றார் மேடம். "எத்தனையோ காரணத்துக்கு அப்படிச் சேரும். ரிப்போர்ட் வரட்டும்." கருவியை எடுத்துக்கொண்டு, எழுத வேண்டியது இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். கிரேன்காரரும் அவர் பின்னாலேயே போய்விட்டார்.

நான் மஞ்சள் டேப்பைத் தாண்டி உள்ளே போய், அத்தான் காலடியில் தரையில் உட்கார்ந்தேன்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ரத்தத்துல ஏதோ கூடுதலா இருக்குன்னாரு. எலும்புக்குப் பரவியிருக்கான்னு பாக்கணும்னாரு. நாளைக்கு ரிப்போர்ட்." அவர் தன் ஈரமான கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். "உங்க அக்காகிட்ட சொல்லாத மாப்ள. முடிவாத் தெரியட்டும். அதுவரைக்குமாவது அவ நிம்மதியாத் தூங்கட்டும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. கோபம்தான் முதலில் வாய்க்கு வந்தது.

"ஊருக்குத்தான் உபதேசமா அத்தான்? தெரியலைன்னா 'தெரியலை'ன்னு எழுதி ஒட்டணும்னு மேனேஜரை நிக்க வச்சுக் கேட்டீங்களே. எவனோ பொறக்கப்போறவனுக்கு அவ்வளவு கவலைப்படுறீங்க. பக்கத்துலயே படுத்திருக்கா என் அக்கா, அவளுக்கு ஒண்ணும் கிடையாதா?"

அத்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சட்டையை எடுத்துக் குடு" என்றார்.

அன்றைக்குக் கிளம்பும் முன் அவர் இன்னொரு தடவை வாசல் மிஷினில் ஏறினார். மிஷின் கத்தியது. காரணம் தெரிந்ததால் மேடமே நின்று அனுப்பிவைத்தார்.

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வந்ததையும், அத்தான் தலை ஈரமாக இருந்ததையும் பார்த்தாள். "என்னடா, ரெண்டு பேரும் முழிக்கிற முழியே சரியில்லையே" என்றாள். நான் வாசல் நிலையிலேயே நின்றுவிட்டேன். இது அவர் சொல்ல வேண்டியது.

அத்தான் அவளைவிட்டுத் தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். ஊசி போட்டது, ஸ்கேன் எடுத்தது, மிஷின் கத்தியது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். ட்ரம் லேபிளில் எழுதுவது போலச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னார்.

"என்னன்னு இன்னும் தெரியலை" என்று முடித்தார். "தெரியலைங்கிறதைச் சொல்லிடணும்னு வந்தேன்."

அக்கா கையிலிருந்த சட்டையை மடித்து முடித்துக் கீழே வைத்தாள். எழுந்து அவர் பக்கம் போனாள்.

"கொஞ்சம் தள்ளியே இரு. மருந்து இன்னும் மிச்சமிருக்கு."

"போதும் உங்க மிஷினும் நீங்களும்" என்றாள். அவருக்குப் பின்னால் போய், சட்டையை விலக்கி, இடுப்புக்கு வலப்பக்கம் உள்ளங்கையை வைத்தாள். துளிகூடத் தேடவில்லை. மேடத்தின் கருவி பொரிந்த அதே இடம்.

"இங்கதானே?" என்றாள். "தினமும் தேய்க்கிறேன். இங்க தொட்டா மட்டும் நீங்க மூச்சை அடக்கிக்கிறீங்க. ஏன்னு நான் கேக்கலை. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அத்தான் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அக்கா கையை எடுக்கவில்லை. "நாளைக்கு ரிப்போர்ட் வாங்க நானும் வர்றேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ என்னடா நிலையைப் பிடிச்சுட்டு நிக்கிற, உள்ள வா" என்றாள்.