பலகை அடித்த ஜன்னல்கள்

ஈரத்துணியை மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு அண்ணி முதல் பெஞ்சைப் புரட்டினாள். அடியிலிருந்து எலிப்புழுக்கையும் கடித்துக் குதறிய காகிதமும் கொட்டின. வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. விடிந்திருந்தாலும் இந்த அறைக்குள் தெரியப்போவதில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடம் அது. கம்ப்யூட்டர்களைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, கல்வி அலுவலகம் எல்லா ஜன்னல்களிலும் பலகை வைத்து ஆணியடித்திருந்தது. கம்ப்யூட்டர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் வெகுநாளாயிற்று. பலகைகளைக் கழற்ற மட்டும் யாருக்கும் நினைவு வரவில்லை.

தண்ணீர் மோட்டார் துருப்பிடித்து நின்றுவிட்டதால் துப்புரவுப் பெண்கள் தெருமுனைக் குழாயிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து வந்தார்கள். இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. முன்பு இதே கட்டடத்தைக் கழுவ இரண்டு மடங்கு ஆட்கள் இருந்தார்கள். நோய் பரவிப் பள்ளியை மூடியதும் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் தலையில் மொத்த வேலையும் விழுந்தது. திங்கட்கிழமை மாவட்டம் முழுக்கப் பள்ளிகள் திறக்கின்றன. இன்று சனிக்கிழமை.

அவளைவிட வயதில் மூத்த பெண்கள்கூட அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். கூட வேலை பார்த்த நாத்தனார் 'அண்ணி, அண்ணி' என்று நாள் முழுக்கக் கூவியதில் எல்லோருக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. அந்த நாத்தனாருக்கு ரேடியோ என்று பெயர். விளக்குமாறு நின்றாலும் அவள் வாய் நிற்காது. அண்ணியின் கணவன், ரேடியோவுக்குக் கூடப்பிறந்த அண்ணன், முதல் அலையிலேயே மூச்சுக்குத் தவித்துச் செத்துப்போனான். அவனைக் கடைசியாக ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுதான் இரண்டு பேரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகும் ரேடியோ பேசிக்கொண்டேதான் இருந்தாள். பேசாமல் இருந்தால் வீடு இடிந்து தலைமேல் விழுந்துவிடும் என்பதுபோல.

வெயில் ஏறும் வேளையில் ஒப்பந்தக்காரர் வந்தார். எதைக் கேட்டாலும் 'ஆகட்டும், பாத்துக்கலாம்' என்பார். அதனால் அவருக்குத் தெரியாமல் அவருக்கு வைத்த பெயர் ஆகட்டும்.

"என்ன, எல்லாம் ஆச்சா? மத்தியானம் பெரிய அதிகாரி வர்றார். போட்டோ எடுக்கவும் ஆள் வருது."

"ஜன்னல் ஒண்ணுகூடத் திறக்கலையே அண்ணே. ஆணி பிடுங்க ஆள் அனுப்புறேன்னீங்க," என்றாள் அண்ணி.

"ஆகட்டும், பாத்துக்கலாம்."

"அண்ணே, வீட்டுல தீப்பிடிச்சாலும் ஆகட்டும்னுதான் சொல்வீங்களா?" என்று கேட்டாள் ரேடியோ. முகத்துணிக்குள் பெண்கள் சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்தது.

"வாய் நல்லா நீளுது உனக்கு. கையும் நீளட்டும். பின்பக்கக் கக்கூஸ் அப்படியே கிடக்கு. ஆசிட் ஊத்து, பிளீச்சிங் பவுடரும் போடு. ரெண்டையும் தாராளமாப் போடு. அதிகாரி மூக்கைப் பிடிக்கக் கூடாது."

"கையுறை?"

"பிளாஸ்டிக் பை இருக்குல்ல, மாட்டிக்க."

ரேடியோ வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். கக்கூஸின் காற்றுப்போக்கியிலும் பலகைதான். அவள் குரல் மட்டும் சுவரில் மோதி நீண்ட தாழ்வாரம் வழியாக வந்துகொண்டிருந்தது. யாரையோ திட்டினாள், எதற்கோ சிரித்தாள், அண்ணியிடம் எதையோ கேட்டாள். பிறகு இருமினாள். இருமல் நீண்டது. சட்டென்று பேச்சு நின்றது.

அண்ணி துடைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். கதவைத் தள்ளியதும் காந்தும் புகை கண்ணில் அறைந்தது. ரேடியோ தரையில் சுருண்டு கிடந்தாள். இரண்டு பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே புகுந்து, தோளிலும் காலிலுமாகத் தூக்கி முற்றத்தில் கிடத்தினார்கள். அவள் வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. கரையில் போட்ட மீன்போல நெஞ்சு துள்ளியது.

"யார் ரெண்டையும் கலக்கச் சொன்னது?" என்று கத்திக்கொண்டே வந்தார் ஒப்பந்தக்காரர்.

"நீங்கதான்!" என்றாள் அண்ணி.

"நான் கழுவச் சொன்னேன். கலக்கச் சொல்லல. சரி சரி, வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க. பால் குடுத்தாச் சரியாப் போகும்."

"ஆஸ்பத்திரிக்குப் போகணும் அண்ணே. மூச்சு வரல அவளுக்கு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "மூச்சுத் திணறல்னு போய் நின்னா என்ன எழுதுவாங்க? தொற்றுன்னு எழுதுவாங்க. ஸ்கூலுக்குச் சீல் வெப்பாங்க. அப்புறம் உங்க எல்லாருக்கும் வேலை இல்ல. யோசிச்சுப் பேசு."

அண்ணி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பெஞ்சுகளைத் தள்ளித் தள்ளிப் போட வந்திருந்த கணக்கு வாத்தியார் போய்த் தன் பழைய காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். ரேடியோவை மடியில் போட்டுக்கொண்டு அண்ணி ஏறினாள். வழிநெடுக அவள் நெஞ்சைத் தடவியபடி, "பேசுடி, ஏதாவது பேசுடி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பேச்சில்லாமல் அவளைப் பார்ப்பது இதுதான் முதல்தடவை.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவு வரைதான் விட்டார்கள். நர்ஸ் வெளியே வந்து, உயிருக்குப் பயமில்லை, ஆனால் தொண்டையும் நுரையீரலும் வெந்திருக்கிறது, ஆக்சிஜன் வைத்திருக்கிறோம், குரல் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது என்றாள்.

அண்ணி திரும்பி வந்தபோது தலைமையாசிரியை அறையில் கேமரா மின்னிக்கொண்டிருந்தது. அதிகாரி வருவதற்காகப் பலகையைக் கழற்றி ஜன்னலைத் திறந்து வைத்திருந்த ஒரே அறை அது. அங்கே கொண்டுவந்து போட்ட பளபளப்பான பெஞ்சில் பெரிய அதிகாரி உட்கார்ந்து, கையில் ஒரு பாடப்புத்தகத்தோடு புன்னகைத்தார்.

"சார், அந்தப் பக்கம் ஒரு ரூமுக்கு வாங்க. ஒரே ஒரு ரூம். கதவைச் சாத்திட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்து பாருங்க."

"யாரும்மா நீ?"

"இந்த ஸ்கூலைக் கழுவுறவ."

"எதா இருந்தாலும் ஒப்பந்தக்காரர்கிட்ட சொல்லு."

"சொல்லிச் சொல்லித்தான் சார் ஒருத்தி இப்ப ஆஸ்பத்திரியில கிடக்கிறா."

அதிகாரி ஒப்பந்தக்காரரைப் பார்த்தார். அவர் தலையைச் சொறிந்தார். "சின்ன மயக்கம் சார். சாப்பிடாம வந்துடுறாங்க."

"இதோ பாரும்மா," என்று அதிகாரி எழுந்தார். "திங்கட்கிழமை திறக்கணும்னு மேலிடத்து உத்தரவு. பலகைக்கெல்லாம் பட்ஜெட்ல இப்ப இடமில்ல. படிப்படியாச் செய்வோம்."

"மூச்சைப் படிப்படியா விட முடியுமா சார்?"

அதிகாரியின் புன்னகை காணாமல் போயிருந்தது. "உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். ஸ்கூல் திறந்தா வேலை செய்யணும். வீட்டுலயே உக்காந்து பழகிட்டீங்க. அதான் கசக்குது."

அண்ணிக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. "வீட்டுல உக்காந்தோமா? சம்பளம் குடுத்து உக்கார வெச்சீங்களா? என் பொண்ணு அவ பேரை எழுதச் சொன்னாப் பாதியில முழிக்கிறா சார். உங்க வீட்டுப் பிள்ளைக்குத் தனி ரூம், தனி கம்ப்யூட்டர் இருக்கும். எங்களுக்கு இந்த ஸ்கூல்தான் சார் இருக்கு. இதைத் திறக்கணும்னு உங்களைவிட எனக்குத்தான் அவசரம். திறங்க. கதவை மட்டும் திறக்காதீங்க, ஜன்னலையும் திறங்க. அப்புறம் உள்ள கூப்பிடுங்க பிள்ளைங்களை."

"திங்கட்கிழமையிலருந்து நீ வர வேண்டாம்," என்றார் ஒப்பந்தக்காரர்.

வாசலில் நின்றிருந்த பெண்களில் ஒருத்தி விளக்குமாற்றைத் தரையில் போட்டாள். "அப்ப நாங்களும் வரல." வாளிகள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின.

"போங்க, போங்க. இந்த வேலைக்கு ஆயிரம் பேர் வெளிய காத்துக்கிட்டிருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பள்ளியைச் சுற்றியிருந்த தெருக்களில் வீடு வீடாக ஏறினார்கள். நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. தையல் ஆலைக்குப் போகும் ஒருத்தி வாசற்படியிலேயே வெடித்தாள்.

"உங்களுக்குக் கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா? ரெண்டு பிள்ளைங்களையும் உள்ள வெச்சு வெளியில பூட்டிட்டு நான் வேலைக்குப் போறேன். திரும்பி வந்து கதவைத் திறக்கிறவரைக்கும் எனக்கு உயிர் இல்ல. இப்பத்தான் ஸ்கூல் திறக்குது, அதையும் கெடுக்க வந்துட்டீங்க!"

அண்ணி பதிலுக்குக் கத்தவில்லை. "நீ சொல்றது அத்தனையும் நியாயம். எனக்கும் அதே கதைதான். ஒரு தடவை வந்து பாரு. உன் பெரியவன் உக்காரப்போற ரூம் எதுன்னு நான் காட்டுறேன். பாத்துட்டு அப்புறம் என்னைத் திட்டு."

திட்டுவதற்காகவே வந்தவள்போலத்தான் அவள் வந்தாள். அவள் பின்னாலேயே தெருவில் பாதிப் பேர் வந்தார்கள். பள்ளிக் காவலாளி அவர்களைப் பார்த்தார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினார்.

பெரியவர்கள் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகளோ, ஏறக்குறைய அத்தனை பேர். அண்ணி கதவைச் சாத்தினாள். மேலே மின்விசிறி சூட்டையே சுற்றிச் சுற்றி அனுப்பியது. பிளீச்சிங் பவுடர் நெடி தொண்டையைப் பிடித்தது. முதலில் ஒருவர் செருமினார். பிறகு பின்வரிசையில் யாரோ இருமினார்கள். இருமல் கேட்ட பக்கம் எல்லாத் தலைகளும் திரும்பின. அந்தப் பார்வையிலிருந்த பயம் அவர்களுக்கே தெரிந்தது.

தையல் ஆலைக்காரி எழுந்து போய் ஜன்னல் பலகையில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். அசையவில்லை. இன்னொருதடவை, உடம்பின் பலமெல்லாம் சேர்த்துத் தள்ளினாள்.

"பாவிங்க," என்றாள். "நான் வீட்டுல பூட்டுறேன். இவங்க இங்க பூட்டுறாங்க."

கதவைத் திறந்து எல்லோரும் முற்றத்துக்கு வந்தார்கள். தையல் ஆலைக்காரிதான் ஆரம்பித்தாள்.

"என் பிள்ளைங்க நாளைக்கு இதுக்குள்ள போகாது. வீட்டுக்குள்ளயும் இருக்காது. இந்தக் கேட்டு முன்னாடி உக்காரும். நானும் உக்காருவேன். ஒருநாள் சம்பளம் போனாப் போகட்டும்."

"அந்த ரூம் என் ரூம்தான்," என்றார் கணக்கு வாத்தியார். அவர் எப்போது வந்து நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை. "பிள்ளைங்க கேட்டு முன்னாடி உக்காந்தா, நானும் அங்கயே நின்னு பாடம் நடத்துறேன். உத்தரவு பாடம் நடத்தச் சொல்லித்தானே வந்திருக்கு?"

திங்கட்கிழமை காலை அப்படித்தான் பள்ளி திறந்தது. பிள்ளைகள் தெருவோரத்தில் ஒருவருக்கொருவர் கை நீட்டித் தொடமுடியாத தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டுக் கம்பியில் கரும்பலகை தொங்கியது. வாத்தியார் ஏழாம் வாய்ப்பாட்டை ஆரம்பிக்க, ஒரு வருடத்தில் மறந்துபோனதைப் பிள்ளைகள் தட்டுத்தடுமாறிச் சொன்னார்கள். தப்பு வந்த இடத்தில் அம்மாக்கள் சிரித்தார்கள். கேட்டுக்குக் குறுக்கே துப்புரவுப் பெண்கள் தோளோடு தோள் சேராமல், ஆனால் வழிவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பலகையைக் கழற்று, மோட்டாரைச் சரிசெய், வேலையைவிட்டு அனுப்பியவர்களைத் திரும்பக் கூப்பிடு, ரேடியோவின் வைத்தியச் செலவை ஏற்றுக்கொள் என்று துணியில் கரியால் எழுதிக் கட்டியிருந்தார்கள்.

அதிகாரியின் காரும் போலீஸ் வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. காரிலிருந்து இறங்காமலே அதிகாரி போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் ஒருவர் தடியால் தன் பூட்ஸைத் தட்டியபடி, "பத்து நிமிஷம் தர்றேன். கலைஞ்சு போயிடுங்க," என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. அண்ணி பக்கத்தில் இருந்த மகளை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஒப்பந்தக்காரரின் வேன் வந்தது. முன்சீட்டிலிருந்து குதித்து இறங்கி, அதிகாரியைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, அவர் பின்கதவைத் திறந்தார். புது விளக்குமாறுகளோடு ஏழெட்டுப் பெண்கள் இறங்கினார்கள். ஊரின் மறுகோடியில் இருக்கும் இன்னொரு பள்ளியிலிருந்து விடியும் முன்பே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"உள்ள போங்க. ஓரமா ஏறிக் குதிச்சுப் போங்க. யார்கூடயும் பேச வேண்டாம்," என்றார்.

பெண்கள் நகரவில்லை. கேட்டில் தொங்கிய கரும்பலகையைப் பார்த்தார்கள். தெருவில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார்கள். துணியில் எழுதியிருந்ததை அவர்களில் ஒருத்தி எழுத்துக்கூட்டி மற்றவர்களுக்குப் படித்துச் சொன்னாள்.

"எதுக்கு நிக்கிறீங்க? போங்கன்னு சொல்றேன்ல!"

முன்னால் நின்ற பெண் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே அண்ணியிடம் வந்தாள்.

"எங்க ஸ்கூல்லயும் ஜன்னல்ல பலகைதான் அண்ணி. எங்களையும் அதே ஆசிட்டத்தான் ஊத்தச் சொன்னான்." அந்தப் பெயர் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அண்ணி கேட்கவில்லை. "நாங்க எங்க உக்காரட்டும்?"

போலீஸ்காரர் தடியைத் தட்டுவதை நிறுத்தியிருந்தார். அதிகாரியின் கார்க்கண்ணாடி மெல்லக் கீழே இறங்கியது.

அண்ணி மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தாள். அவளைப் பார்த்து வரிசை முழுவதும் நகர்ந்தது.

"இங்க உக்காருங்கம்மா," என்றாள்.