கடலோரத்து நல்ல தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலை எம்.ரெட்டியபட்டி பஸ் நிறுத்தத்தில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. அதன் நெற்றியில் 'கடலரசி நகர்' என்று எழுதிய துணியைக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஜாபேஸ் இஸ்திரி போட்ட சட்டையும் கையில் கத்தை நோட்டீசுமாக, கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் மாப்பிள்ளையின் அண்ணனைப் போல எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தான்.

"ஆராதனைய விட்டுட்டு சமுத்திரம் பாக்கக் கூட்டிட்டுப் போறீக. பாஸ்டர் கேட்டா நீங்களே பதில் சொல்லிக்கிடுங்க" என்று முணுமுணுத்தபடி அவன் மனைவி ஈவாவும் ஏறினாள். முணுமுணுப்பு வாயில்தான். மனசுக்குள் அவள் காலையிலிருந்தே ஜெபம் செய்துகொண்டிருந்தாள்.

ஜாபேஸ் பி.ஏ. படித்தவன். வேலைக்காக ஏறாத படி இல்லை. ஊரில் அவனை 'பி.ஏ.' என்றே கூப்பிட்டார்கள். அதில் மரியாதை கொஞ்சம், கிண்டல் அதிகம். ஈவா தையல் மிஷினை மிதித்துத்தான் வீட்டில் உலை கொதித்தது. தொண்ணூறுகளின் நடுவில் மாதத் தவணைக்கு மனை விற்கும் கம்பெனிகள் மழைக்காளான் போல முளைத்தபோது, அவனும் ஒன்றில் ஏஜெண்டாகச் சேர்ந்தான். இந்த வேனில் வருகிறவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அருப்புக்கோட்டையில் திறக்கப்போகும் கிளைக்கு அவனே மேனேஜர் என்று கம்பெனி அதிகாரி சண்முகவேல் வாக்குக் கொடுத்திருந்தார்.

"சமுத்திரத்துக்குப் பக்கத்துல எடம் வாங்கி நாங்க என்ன மீனா பிடிக்கப் போறோம்?" என்று கேட்டவர்களையெல்லாம் ஜாபேஸ் ஒரே வார்த்தையில் மடக்கியிருந்தான். "அங்க கையால தோண்டுனாலே நல்ல தண்ணி வருது. நோட்டீஸ்லயே போட்டுருக்கு, பாருங்க."

அது போதாதா? எங்கள் சீமையில் கிணற்றை எவ்வளவு ஆழம் வெட்டினாலும் உப்புத் தண்ணீர்தான். கோடை வந்தால் குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். நல்ல தண்ணீர் என்று சொன்னால் எங்கள் ஜனம் எவன் பின்னாலும் போய்விடும். அந்த ஆசையைத்தான் கம்பெனி காசாக்கப் பார்த்தது.

வேன் சாயல்குடியைத் தாண்டித் தெற்கே போய் ஒரு மீனவக் கிராமத்தின் ஓரமாக நின்றது. கடலைக் கண்டதும் பாதிப் பேர் கரைக்கு ஓடினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையில் இறங்கிய பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளாகிப் போனார்கள். கரையை ஒட்டிப் பெரிய நிலப்பரப்பைச் சமமாக நிரவி, வெள்ளைக் கல் நட்டு மனை பிரித்திருந்தார்கள். ஓரத்தில் வேரோடு பிடுங்கிய தாழம்புதர்கள் மலையாகக் குவிந்து காய்ந்துகொண்டிருந்தன.

சண்முகவேல் குடை நிழலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர்ப் பால்வாடியில் ஆயா வேலை பார்க்கும் தங்கமாரிக்கு வெயிலில் நா வறண்டது. "தோண்டுனா தண்ணி வரும்னாகளே, எங்கன?" என்று தேடிக்கொண்டே மனைக் கற்களைத் தாண்டிப் போனாள். ஈவாவும் இன்னும் சில பெண்களும் கூடவே போனார்கள்.

கொஞ்ச தூரத்தில் மணலில் ஒரு குழி. குழிக்குள் ஒருத்தி குனிந்து சிரட்டையால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். மேலே காலிக் குடங்களோடு நாலைந்து பெண்கள் காத்திருந்தார்கள். தங்கமாரி சட்டென்று நின்று செருப்பைக் கழற்றினாள். மற்றவர்களும் கழற்றினார்கள். யாரும் சொல்லவில்லை. குண்டாற்றில் ஊற்றுக்குப் பக்கத்தில் செருப்போடு போகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

குழிக்குள் இருந்த முத்துப்பேச்சி நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒரு சிரட்டைத் தண்ணீரை நீட்டினாள். வாயில் வைத்ததும் தங்கமாரியின் முகம் சுருங்கியது.

"கரிக்குதே தாயி!"

"இப்பத்தான்க்கா கரிக்குது. போன வருசம் வரைக்கும் எளநியாட்டம் இருக்கும்" என்றாள் முத்துப்பேச்சி. "அந்தா கல்லு நட்டுருக்காகள்ல, அங்கிட்டுப் பூராம் பெரிய மணல் மேடு. பேயுற மழையெல்லாம் மேட்டுக்குள்ள எறங்கித் தங்கும். தாழையும் அடம்பங்கொடியும் மேட்டைப் பிடிச்சு வச்சிருக்கும். மிசினக் கொண்டாந்து சரிச்சுப்புட்டாக. மேடு போச்சு, உப்பு ஏறிப்போச்சு. இனிமே பெரிய காத்து வந்தா அலையும் நேரா எங்க வீட்டுக்குள்ளதான்."

அவர்களை அழைத்துப்போக வந்த ஜாபேஸ் பின்னாலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டான். போன மாதம் வந்தபோதும் இந்தப் பெண்களைப் பார்த்திருக்கிறான். தோண்டினால் தண்ணீர் வருகிறது என்று சந்தோஷப்பட்டதோடு சரி. ஒரு வாய் குடித்துப் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

விறுவிறுவென்று மேஜைக்கு வந்தான். "சார், நோட்டீஸ்ல நல்ல தண்ணின்னு போட்டுருக்கோம். ஊத்துல உப்புல்ல வருது?"

சண்முகவேல் சிரித்தார். "மேடு இருந்தப்ப எழுதினதுப்பா அது. மேட்டை எடுத்தாத்தானே ப்ளாட்டு? வேணும்னா லாரியில தண்ணி வாங்கிக்கட்டும். முதல்ல கையெழுத்தை வாங்கு."

"அப்ப இந்த ஊர்க்காரவுக?"

"அவங்களைப் பத்தி உனக்கென்ன? நாளைக்கு நீ மேனேஜரு. ஃபேனுக்கு அடியில உக்காரப் போறவன். யாரோ குடிக்கிற தண்ணிக்காக வந்த வேலையைக் கெடுத்துக்காதே."

ஜாபேஸ் திரும்பி ஈவாவைப் பார்த்தான். அந்த வேலைக்கு அவனைவிட அதிகம் ஆசைப்பட்டவள் அவள்தான். பின்னாலேயே வந்து வெறுங்காலோடு சுடுமணலில் நின்ற ஈவா, கணவன் கண்ணில் இருந்த கேள்வியைப் படித்துவிட்டாள்.

"ஏங்க, நான் மிஷின மிதிச்சுக்கிடுறேன். நீங்க பேச வேண்டியதப் பேசுங்க."

அதற்கு மேல் ஜாபேசுக்கு என்ன வேண்டும்? நோட்டீஸ் கத்தையை மேஜைமேல் வைத்துவிட்டு, மேஜையைச் சுற்றிக் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னான். "எல்லாரும் என்னைய மன்னிக்கணும். இங்க இருந்த நல்ல தண்ணி இந்த ஊர்க்காரவுக தண்ணி. அதக் கெடுத்துத்தான் இந்த மனையப் போட்டுருக்காக. தெரியாம உங்களக் கூட்டிட்டு வந்துட்டேன். யாரும் கையெழுத்துப் போடாதீக."

தங்கமாரி முந்தானையில் முடிந்திருந்த முன்பணத்தை இறுக்கிக்கொண்டு முதலில் நகர்ந்தாள். பேனாவைக் கையில் எடுத்திருந்தவர் அதைக் கீழே வைத்தார். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். "அப்ப வேனும் கிடையாது. நடந்தே போங்க, பொட்டல்காட்டு ஜனங்களா!" என்று சண்முகவேல் கத்தினார். நடந்தார்கள். மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் பிடிக்கும்வரை அந்த வெயிலில் ஒருவர்கூடச் சலித்துக்கொள்ளவில்லை. அன்று அவர்கள் தலையை நிமிர்த்தி நடந்த நடையை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

அதோடு ஜாபேஸ் விடவில்லை. முத்துப்பேச்சியின் ஊருக்குத் திரும்பப் போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல மனு எழுதினான். கலெக்டர் அலுவலகத்துக்கு அவர்களோடு சேர்ந்து நடையாய் நடந்தான். மிச்சமிருந்த மேட்டில் இனி மிஷின் இறங்கக் கூடாது என்று உத்தரவு வந்த நாளில்தான், தான் படித்த படிப்பு ஒன்றுக்காவது உதவியது என்று அவனுக்குத் தோன்றியது.

ஊர் டீக்கடையில் சீனிச்சாமி வழக்கம்போலக் கிண்டலடித்தார். "ஏலே பி.ஏ., கடல வித்து மேனேசராகப் போறேன்ன. வெறுங்கைய வீசிட்டு வந்து நிக்கியே?"

ஜாபேஸ் டீ கிளாசை வைத்துவிட்டுச் சொன்னான்.

"கடக்கரை மேடு சும்மா கெடக்குற தரிசு இல்ல மாமா. அதுதான் அங்க இருக்கவுகளுக்குக் கெணறு, அதுதான் அவுகளுக்குக் கோட்டச் சுவரு. காசு இருக்குன்னு அதச் சரிச்சு வீடு கட்டுறது, ஊத்துல அடுத்தவுக குடத்தக் கவுத்துட்டு நம்ம குடத்த வைக்கிற மாதிரி. அத எந்தக் கம்பெனிக்காரனாவது செய்யட்டும். நம்ம ஊர்க்காரன் செய்ய மாட்டான்."

சீனிச்சாமி அதற்குப் பிறகு அவனைப் 'பி.ஏ.' என்று கூப்பிட்டபோது அதில் கிண்டல் இல்லை.