ஜெகதீஸ்வரன் தொண்டையில் ஹம்ஸினி

தடகளப் பயிற்சியாளர் ஜெகதீஸ்வரன், தமக்கு நடந்த பாராட்டு விழாவுக்கு மறுவாரம், ஹைதராபாத் போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டில் பச்சை மிளகாய்க்கு விலை கேட்க வாயைத் திறந்தபோது பதினேழு வயதுப் பெண்ணின் குரலில் பேசினார். மழை காரணமாக மிளகாய் அன்று கொஞ்சம் ஏறியிருந்தது. அவருக்குப் பின்னால் யாரோ பெண் நிற்கிறாள் என்று கடைக்காரர் எட்டிப் பார்த்து, அங்கே இல்லாத அந்தப் பெண்ணுக்கே விலை சொன்னார். ஜெகதீஸ்வரன் இருமிப் பார்த்தார். இருமலும் பெண் இருமலாகவே வந்தது. குரல் யாருடையது என்று கண்டுபிடிக்க மல்காஜ்கிரிக்காரர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அது அல்வாலில் இருந்த ரமாவின் மகள் ஹம்ஸினியின் குரல், இரண்டு வருடத்துக்கு முன்னால் தொலைந்து போனது. அது அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது ரமாவுக்கு மட்டும் தெரியும். அதற்காக அவள் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை, படப்போவதும் இல்லை.

ரமாவின் கணவர் பாலசுப்ரமணியன் பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தார். என்ன வேலை என்று கல்யாணமான புதிதில் கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கியவள் ஒரு தடவை கேட்டாள். "அதெல்லாம் கேக்கப்படாது" என்றார் அவர். அத்தோடு சரி. அவர்கள் இருந்த குடியிருப்பில் எல்லா வீட்டிலும் அதே கதைதான். ஆண்கள் காலையில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு போவார்கள், சாயங்காலம் திரும்புவார்கள், நடுவில் எதைச் செய்தார்கள் என்று பெண்டாட்டிகள் கேட்க மாட்டார்கள். எந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமலிருப்பதே அங்கே நல்ல குடும்பத்து லட்சணம். சைவமா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் விலக்கு உண்டு. பிஸ்கட்டோ, கேக்கோ, சாக்லேட்டோ, ரமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பச்சைப் புள்ளி இருந்தால் வீட்டுக்குள் வரலாம். இல்லையென்றால் கொண்டுவந்தவர் கையிலேயே திரும்பிப் போய்விடும்.

ஹம்ஸினி எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். நல்ல ஓட்டம்தான், ஆனால் மாநிலப் போட்டிகளில் நாலாவதாக வந்துகொண்டிருந்தாள். நாலாவதாக வருகிறவள் பெயரை யாரும் கேட்பதில்லை என்பது அந்தப் பெண்ணுக்குச் சாப்பாடு இறங்காத அளவுக்கு வருத்தமாக இருந்தது. பாலசுப்ரமணியன் விசாரித்து அவளை ஜெகதீஸ்வரனிடம் சேர்த்தார். ஜெகதீஸ்வரனின் தாத்தா ரயில்வே வேலைக்காக விழுப்புரம் பக்கமிருந்து மல்காஜ்கிரிக்கு வந்தவர். பேரன் தமிழும் தெலுங்கும் ஹைதராபாத் ஹிந்தியும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். இந்த ஊரில் தமிழ் பேசும் கோச் கிடைப்பது பெரிய விஷயம், நம்ம மனுஷா என்று ரமா பூரித்துப்போனாள். அவள் செய்த முதல் தப்பு அது. சில மாதம் கழித்து அவர் வைட்டமின் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே இளஞ்சிவப்பு மாத்திரைகள். ரமா டப்பாவைத் திருப்பும் முன்பே அவர் சிரித்துக்கொண்டு விரலை வைத்துக் காட்டினார்.

"டென்ஷன் நக்கோ மாமி, கவலையே வேணாம். ப்யூர் வெஜ். இதோ பாருங்க, பச்சைப் புள்ளி."

உள்ளே என்ன என்று ரமா கேட்கவில்லை. டப்பாவைச் சுவாமி காலடியில் வைத்து எடுத்தாள். தினமும் காலையில் ஒரு உத்தரணி தீர்த்தத்தோடு ஒரு மாத்திரையைத் தன் கையாலேயே மகள் கையில் கொடுத்தாள். ஹம்ஸினி கண்ணில் ஒற்றிக்கொண்டு விழுங்குவாள்.

அதன் பிறகு அவள் நாலாவதாக வரவில்லை. தோள் அகன்றது, ரவிக்கை எல்லாம் தையல் விட்டது, முதுகு முழுக்கப் பரு. மாதவிலக்கு நின்றுபோனது, ஓடுகிற பெண்களுக்கு அதுதான் சௌகரியம் என்றார் ஜெகதீஸ்வரன். மேலுதட்டில் பூனை முடி கறுத்தபோது ரமா கஸ்தூரி மஞ்சள் பூசினாள். குரல் ஒரே நாளில் போகவில்லை. முதலில் சிரிப்பு கனத்தது, அப்புறம் கூப்பிடுவது கனத்தது. மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் கொடுத்துப் பார்த்தாள். ஒரு தை மாதக் காலையில், ஹம்ஸினி எப்போதும் படுக்கையிலிருந்து சொல்லும் "அம்மா, எழுந்துட்டேன்" சமையலறைக்கு வந்தபோது, எவனோ ஒரு ஆண்பிள்ளை வீட்டுக்குள் புகுந்துவிட்டான் என்று ரமா பூரிக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அறையில் மகள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரமா பூரிக்கட்டையைக் கீழே போட்டாள். 

அந்த வருஷ மாநிலப் போட்டியில் ஊக்கமருந்துச் சோதனைக்காரர்களின் வண்டி மைதானத்துக்குள் நுழைந்த செய்தி ஊரெல்லாம் தெரிந்ததுதான். வண்டியைப் பார்த்ததும் வீரர்களும் வீராங்கனைகளும் திசைக்கு ஒருவராக ஓடினார்கள். குண்டு எறிகிறவர்கள் தடை தாண்டினார்கள். நூறு மீட்டரில் முதலாவதாக வந்த பெண் கோட்டில் நிற்காமல் வாசல் வழியாகவே வெளியே ஓடி, நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஜஹீராபாத் தாண்டித்தான் மூச்சு வாங்கினாள். அங்கேயே அவளுக்குக் கல்யாணமும் ஆகி, சௌக்கியமாக இருக்கிறாள். மைதானத்தில் மிஞ்சியது ஹம்ஸினி ஒருத்திதான். அவளுக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. ஷூவின் நாடாவை அவிழ்த்துவிட்டு, புல்லில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்து, கேட்ட சிறுநீரைக் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வந்தாள்.

சோதனையில் அவள் சிறுநீரில் ஊக்கமருந்து இருந்தது. விசாரணையில் ஜெகதீஸ்வரன் கையைக் கட்டிக்கொண்டு, தமக்கு ஒன்றும் தெரியாது என்றார். மாத்திரை தம் கையால் கொடுக்கப்பட்டதா என்று அந்தப் பெண்ணையே கேளுங்கள் என்றார். கேட்டார்கள். அம்மா கொடுத்தாள் என்று ஹம்ஸினி உண்மையைச் சொன்னாள். "பாத்தீங்களா? வீட்டுல அவங்கம்மா என்னென்ன குடுத்தாங்களோ, நான் எங்க போய்ப் பாக்கறது?" என்று ஜெகதீஸ்வரன் ரமாவைப் பார்த்து அனுதாபத்தோடு தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை ரமா மறக்கவில்லை. ஹம்ஸினிக்கு நாலு வருடத் தடை. மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று ரமா கத்தியபோது, பாலசுப்ரமணியன் ஜன்னலைச் சாத்தினார். "ஆபீஸ்ல கூப்ட்டுக் கேப்பா ரமா. பேசாம இரு" என்றார். பேசாமலிருந்தாள். மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்; கூரியர்காரர் போனில் "சார்" என்று கூப்பிட்ட நாளிலிருந்து போனையும் எடுப்பதில்லை. ரமாவுக்கு வயிறு எரிந்தது. அது பேச்சுக்குச் சொல்வதல்ல. அந்தக் கோடை முழுக்க அவள் இடுப்பில் செருகிய புடவைக் கொசுவம் இஸ்திரி போட்டதுபோல் சூடாக இருந்தது, அதில் கை துடைத்தால் ஈரம் உடனே காய்ந்தது.

ஒரு டப்பாவை விசாரணைக்காரர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். பிரிக்காத இன்னொன்று சுவாமி அலமாரியில் இருந்தது. அதை என்ன செய்வது என்பது ரமாவுக்குப் பெரிய பாடாகிவிட்டது. சுவாமி காலடியில் வைத்தது எதுவானாலும் பிரசாதம். குப்பையில் போடக்கூடாது, சாக்கடையில் கொட்டக்கூடாது, ஒன்று தானே சாப்பிட வேண்டும் அல்லது இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். பழி வாங்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தவளுக்கு ஆசாரமே வழி காட்டியது. சாம்பியன்களை உருவாக்கியவர் என்று மல்காஜ்கிரியில் ஜெகதீஸ்வரனுக்குச் சால்வை போர்த்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், டப்பா முழுவதையும் அம்மியில் வைத்து நுணுக்கினாள். பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, வெல்லப்பாகு விட்டு, முந்திரி வறுத்துப் போட்டு, வழக்கத்தைவிட இரண்டு கரண்டி நெய் கூட விட்டுச் சர்க்கரைப் பொங்கல் செய்தாள். எவர்சில்வர் தூக்கில் எடுத்துக்கொண்டு விழாவுக்குப் போனாள்.

அவளைப் பார்த்ததும் ஜெகதீஸ்வரனுக்கு முகம் கறுத்தது. தூக்கைப் பார்த்ததும் தெளிந்தது. சமாதானமாகப் போக வந்திருக்கிறாள் என்று நினைத்தார். ரமா தொன்னையில் போட்டுக் கொடுத்தாள், உங்களுக்கென்றே செய்தது, மற்றவர்களுக்குப் போதாது என்றாள். அவர் ஒரு தொன்னை சாப்பிட்டு, விரலை நக்கிக்கொண்டு இன்னொன்று கேட்டார்.

"சூப்பர் மாமி! என்ன போட்டீங்க இதுல?"

"எல்லாம் வெஜிடேரியன்தான் சார்" என்றாள் ரமா. தூக்கு காலியாகும்வரை பக்கத்திலேயே நின்று பரிமாறினாள்.

மிளகாய் வாங்கிய நாள் முதல் ஜெகதீஸ்வரன் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு திரிந்தார். காது, மூக்கு, தொண்டை டாக்டர் சலீம் குழாய் விட்டுப் பார்த்து, குரல்நாண் இளமையாக, ஆரோக்கியமாக இருக்கிறது, நன்றாக ஓடும் பெண்ணாக இருக்க வேண்டும் என்று சொல்லி, வழக்கமான கட்டணத்தை வாங்கிக்கொண்டார். குரல் தன் பழக்கங்களோடுதான் வந்திருந்தது. விடியற்காலையில் அவரைக் கேட்காமலே "அம்மா, எழுந்துட்டேன்" என்று சொன்னது. ஷூ எங்கே என்று கேட்டது. ஜெகதீஸ்வரனின் மனைவி முதலில் போலீசுக்குப் போவதாகச் சொன்னாள், பிறகு பழகிக்கொண்டு, ஷூ வாசலில் இருக்கிறது கண்ணு என்று பதில் சொன்னாள்.

மைதானத்தில்தான் விஷயம் முற்றியது. புதிதாகச் சேர்ந்திருந்த சாஹித்யா என்ற பெண்ணிடம் ஜெகதீஸ்வரன் பச்சைப் புள்ளி போட்ட டப்பாவை நீட்டி, வைட்டமின் என்று சொல்ல வாயைத் திறந்தார். "வாங்கிக்காதே. எனக்கு மீசை முளைச்சுது. இது என் குரல், என்கிட்டேர்ந்து போயிடுத்து. ஓடிப் போ" என்றது வாய். சாஹித்யா ஓடினாள், அவள் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக அதற்கு முன் ஓடியதில்லை. மறுநாள் மற்ற பெண்களும் கேட்டார்கள். விசில் ஊதினால் விசிலும் அதையே சொன்னது. மழைக்காலம் முடிவதற்குள் மைதானத்தில் அவரும் காலி டப்பாக்களும்தான் மிச்சம். விசாரணைக்காரர்கள் மறுபடி கூப்பிட்டார்கள். தமக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லத்தான் போனார். குரல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது, யாரிடம் வாங்கினார், எந்தெந்தப் பெண்ணுக்கு எந்த மாதம் கொடுத்தார் என்பதுவரை. அவர்கள் ஹம்ஸினியின் குரல் போகும் முன் எடுத்த பழைய பதிவைப் போட்டு ஒத்துப் பார்த்து, இது தடைசெய்யப்பட்ட வீராங்கனையின் குரல், இதைப் பயிற்சியாளரின் வாக்குமூலமாக ஏற்க விதியில் இடமில்லை என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். விதி பிழைத்தது. ஆனால் ஊரில் ஜெகதீஸ்வரனிடம் பெண்ணை அனுப்ப ஆளில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் அல்வாலுக்கு வந்தார். நிலைப்படியில் நின்று மாமி என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தார். "அம்மா" என்று வந்தது.  ரமா இரண்டு வருடமாகக் கேட்காத "அம்மா" அது. அந்த ஒரு நிமிஷம் பழி, வயிற்றெரிச்சல் எதுவுமே அவளிடம் இல்லை. கதவைத் திறந்து அந்தக் குரலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. அப்புறம் முகத்தைப் பார்த்தாள்.

அவர் பையிலிருந்து ஒரு புது டப்பாவை எடுத்து நீட்டினார். இதைக் கொடுத்தால் ஹம்ஸினிக்கு எல்லாம் பழையபடி ஆகிவிடும், தம் தொண்டையும் தமக்குத் திரும்பிவிடும் என்று கையால் ஜாடை காட்டினார். டப்பாவில் பச்சைப் புள்ளி இருந்தது. ரமா அதைப் பார்க்கவே இல்லை. தன் ஆயுளில் முதல் தடவையாகக் கேட்டாள்:

"உள்ள என்ன இருக்கு?"

ஜெகதீஸ்வரன் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். குரல் அதைத் திறந்துகொண்டது. "இவருக்கே தெரியாதும்மா."

உள்ளே அறைக்கதவு திறந்தது. ஹம்ஸினி வந்து நின்றாள், கன்னத்தில் பாதி ஷேவிங் நுரையோடு. தன் குரலைத் தானே எதிரில் கேட்டவள் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கவனித்தாள். பாலசுப்ரமணியன் ஜன்னலைச் சாத்த எழுந்தார். ரமா பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார்.

"திருப்பி வாங்கிண்டுடலாமாடி?" என்று ரமா கேட்டாள். 

"நக்கோ மா" என்றாள் ஹம்ஸினி, தன் கனத்த தொண்டையில். "இங்க வந்தா சும்மாத்தான் இருக்கும். அங்கதான் அதுக்கு வேலை இருக்கு."

ஜெகதீஸ்வரன் அழுதார். அழுகையும் ஹம்ஸினியின் அழுகையாகவே இருந்தது. ரமா அதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள்.

இப்போது தடைக்காலம் முடிந்துவிட்டது. ஹம்ஸினி ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். போனில் சார் என்று கூப்பிடுகிறவர்களுக்குச் சார் மாதிரியே பதில் சொல்லி வேலையை முடித்துக்கொள்கிறாள். தினமும் காலையில் ரமா மல்காஜ்கிரிக்குப் போன் போடுகிறாள். ஜெகதீஸ்வரன் முதலில் எடுக்காமலிருந்து பார்த்தார். எடுக்காத நாளில் குரல் அவரைப் பால்கனிக்கு இழுத்துப்போய் வைத்து, தெருவெல்லாம் கேட்க அம்மாவைக் கூப்பிட்டது. அதனால் எடுத்துவிடுகிறார்.

"அம்மா, எழுந்துட்டேன்."

"பல் தேச்சியோ?"

"ஆச்சும்மா."

"நேத்திக்கு யாருக்காவது ஏதாவது குடுத்தாரா?"

"இல்லம்மா. நான் பாத்துண்டுதான் இருக்கேன்."

சரி, தொண்டையைப் பார்த்துக்கொள், குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே என்று சொல்லிவிட்டு ரமா போனை வைக்கிறாள். பிறகு காப்பிக்குப் பாலை ஏற்றுகிறாள்.